வினோதினியின் கல்யாணம்

ஜூன் 5, ஞாயிறு

என் மகள் வினோவின் ஃபோன் இன்றைக்கு மறுபடியும் அடித்தது. ஏப்ரலில் ஒருமுறை அடித்து நின்றது. மே மாதம் ஒருமுறை. அப்போதெல்லாம் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தேனே தவிர, பேசத் தைரியம் வரவில்லை. அந்த ஃபோனுக்குத் தினமும் சார்ஜ் போடுகிறேன். மாதாமாதம் ரீசார்ஜும் செய்கிறேன். மறைந்த என் வீட்டுக்காரரின் அக்கா, நங்கையா, போன வாரம் வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "போய்ச் சேர்ந்தவ ஃபோனுக்கு எதுக்குக் கண்ணு தண்டமாக் காசு போடற" என்று கேட்டார். டீ வேண்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கூப்பிடுவது லாமியா. பங்களாதேஷில் ஆற்றங்கரைக் கிராமத்துப் பிள்ளை. எட்டாவது படிக்கிறாள். இரண்டு வருஷம் முன்னால் வினோ பனியன் கம்பெனி வேலையாக டாக்கா போய் மூன்று மாதம் இருந்தாள். ஒரு லீவு நாளில் கூட வேலை செய்தவர்கள் படகில் ஒரு ஊருக்குக் கூட்டிப்போனார்களாம். அங்கே தகர ஷெட்டில் ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு பிள்ளையின் படிப்புச் செலவையும் வெளியாள் ஒருவர் ஏற்றுக்கொள்வது அங்கே வழக்கம். இவள் லாமியாவை ஏற்றுக்கொண்டாள். பணத்தை வருஷ ஆரம்பத்திலேயே கட்டிவிடலாம். ஆனால் மாதத்தின் முதல் ஞாயிறு பிள்ளையோடு பேசியே தீர வேண்டும், பணத்தை மட்டும் அனுப்பிவிட்டு மறந்துபோகிறவர்கள் வேண்டாம் என்பது அந்தப் பள்ளிக்கூடத்து ஹாலிமா டீச்சர் போட்ட கண்டிஷன். அந்த ஊரில் வெள்ளிக்கிழமைதான் லீவு, ஞாயிறு பள்ளிக்கூடம் உண்டு.

அரைகுறை வங்காளத்தில் இவள் பேசுவாள், அது அங்கே சிரிக்கும், இவள் இங்கே சிரிப்பாள். நான் அடுப்படியிலிருந்து சோறு ஆறுதென்று கத்துவேன்.

இன்றைக்கு எடுத்துவிட்டேன். "ஆபா? வினோ ஆபா?" என்றது. ஆபா என்றால் அக்கா. அது மட்டும் எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு மழை கொட்டின மாதிரி பேசியது. நான் ஃபோனோடு பக்கத்து வீட்டு மொமேனாவிடம் ஓடினேன்.

மொமேனா வங்காளத்துக்காரி, முர்ஷிதாபாத் பக்கம். ஆறு வருஷமாக எங்கள் லைன் வீட்டில் இருக்கிறாள். என் கம்பெனியில்தான் செக்கிங்கில் இருக்கிறாள், நான் பனியனில் நூல் பிசிறு வெட்டுகிறேன். மார்ச் மாதம் அந்த நாட்களில் எனக்குக் கஞ்சி வைத்து ஊட்டினவள் அவள்தான்.

கொஞ்ச நேரம் பேசிவிட்டுக் கையால் ஃபோனைப் பொத்திக்கொண்டாள். "வினோ எங்கேன்னு கேக்குது அக்கா. ரெண்டு மாசமா ஏன் பேசலைன்னு அழுவுது. என்ன சொல்லட்டும்?"

இந்த ஊரில் நான் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டி வரவில்லை. எல்லோரும் தெரிந்துகொண்டு அவர்களாகவே வந்துவிட்டார்கள். வினோ எங்கே என்று ஒருவர் என்னைக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"கல்யாணம் ஆயிருச்சுன்னு சொல்லு" என்றேன்.

மொமேனா என் முகத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள். ஃபோனுக்குள் அந்தப் பிள்ளை கூவியது. பின்னால் இன்னும் நாலைந்து பிள்ளைகள் சேர்ந்து கூவின.

ஜூன் 6, திங்கள்

ராத்திரி தூங்கினேன்.

ஜூன் 17, வெள்ளி

நல்ல தண்ணீர் வந்தது. குடம், அண்டா, பால் சட்டி வரை பிடித்து வைத்தேன். ரேஷனில் பாமாயில் இல்லை, அடுத்த வாரமாம்.

கம்பெனியில் டைலர் ஒருத்தி மகளின் கல்யாணப் பத்திரிகை கொடுத்தாள். என் கையில் கொடுக்கத் தயங்கினாள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். பிசிறு வெட்டும்போது கை பாட்டுக்கு ஓடும், மனதுக்கு வேலை இல்லை. வினோவுக்கு எந்த மண்டபம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சிவன்மலையில் தாலி கட்டிவிட்டுக் காங்கயத்தில் சாப்பாடு வைக்கலாம். மாப்பிள்ளை ஈரோட்டுப் பக்கம். நிறம் கொஞ்சம் மட்டுதான், ஆனால் குடிப்பழக்கம் கிடையாது. ஒரே தங்கச்சி, அவளையும் கட்டிக் கொடுத்தாயிற்று.

இரண்டு வருஷமாக அவளுக்கு ஜாதகம் பார்த்தோம். செவ்வாய், ராகு என்று சொல்லி ஒவ்வொன்றாகத் தட்டிப்போனது. இந்த மாப்பிள்ளைக்கு ஜாதகமே பார்க்க வேண்டியதில்லை.

ஜூலை 3, ஞாயிறு

மூன்று மணியிலிருந்து மொமேனாவை எங்கள் வீட்டிலேயே உட்கார வைத்துக்கொண்டேன். கேசரி கிண்டினேன். மொமேனா கேசரியையும் என்னையும் பார்த்துவிட்டுச் சாப்பிட்டாள்.

லாமியா கல்யாணத்தைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டது. சேலை என்ன நிறம் என்றது. அரக்கில் மாம்பழ மஞ்சள் பார்டர் என்றேன். மருதாணி வைத்தார்களா என்றது. முழங்கை வரைக்கும் என்றேன். மாப்பிள்ளை உயரமா என்றது. வினோவை விட ஒரு சாண் உயரம் என்றேன். மொமேனா எல்லாவற்றையும் அந்தப் பாஷையில் மாற்றிச் சொன்னாள். நான் ஒன்று சொன்னால் அவள் நான்கு சொல்கிற மாதிரி இருந்தது.

"என்னடி இவ்வளவு நேரம் சொல்ற?"

"மீன் போட்டீங்களான்னு கேக்குது. போட்டாங்க, பெரிய பெரிய ரூய் மீன், தலையோடன்னு சொல்லிட்டேன்."

"எங்க கல்யாணப் பந்தியில எங்கடி மீன்?"

"மீன் இல்லாம கல்யாணம்னு சொன்னா அது நம்பாது அக்கா" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மார்ச்சுக்குப் பிறகு நான் சிரித்தது இன்றைக்குத்தான்.

பிறகு அது கேட்டது, ஆபா ஏன் பேசவில்லை என்று. புருஷன் வீட்டில் ஃபோன் பேச விடமாட்டார்கள் என்று சொல்லச் சொன்னேன். வேலை? வேலையை விட்டுவிட்டாள் என்றேன். வேறு என்ன சொல்ல, வேலையில் இருக்கிறவள் பேசாமல் இருப்பாளா.

லாமியா மெதுவாக ஏதோ சொன்னது. மொமேனா சொன்னாள்: "சரிங்குது. பொண்ணுன்னா அப்படித்தான்னு அவங்கம்மாவும் சொல்லுவாங்களாம்."

கேசரி மீதி இருக்கிறது. முந்திரி அதிகம் போட்டுவிட்டேன்.

ஜூலை 24, ஞாயிறு

நங்கையா வந்தார். ஆடி பதினெட்டுக்கு வினோவுக்குத் துணி வைத்துக் கும்பிட வேண்டுமாம். கல்யாணம் ஆகாமல் போன பெண் வீட்டுக்குக் கன்னித் தெய்வம், அவளுக்குப் புதுப் பாவாடையும் வளையலும் வைத்து வருஷா வருஷம் படைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் பசியோடு வாசலில் நிற்பாள் என்றார்.

"என்ற பேச்சைக் கேளு கண்ணு. அவ இனி உன்ற மக இல்ல. சாமி."

நான் துவைத்த துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். மடித்ததையே திரும்பவும் மடித்தேன் போலிருக்கிறது. அவர் வந்து என் கையைப் பிடித்தார்.

ஆகஸ்ட் 3, புதன்

மஞ்சள் பாவாடை. நங்கையா எடுத்தது. கண்ணாடி வளையல், ரிப்பன், ஒரு டப்பா பவுடர். ஒரு மூங்கில் தட்டில் வைத்துச் சூடம் காட்டினார்கள். சர்க்கரைப் பொங்கல். நங்கையா மக்கள், பேரப் பிள்ளைகள் எல்லோரும் விழுந்து கும்பிட்டார்கள். என்னையும் கும்பிடச் சொன்னார்கள். பெற்றவள் மகளை எப்படிக் கும்பிடுவது? நின்றுகொண்டிருந்தேன்.

கன்னி, கன்னி என்று அவர்கள் சொல்லச் சொல்ல, அவளுக்கு ஜூன் மாதமே கல்யாணம் முடிந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்துவிட்டது.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

இன்றைக்கு லாமியா பேசவில்லை. ஹாலிமா டீச்சர்தான் பேசினார். குரலிலேயே கோபம் தெரிந்தது. மொமேனா முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே வந்தது. முழுவதும் கேட்டுவிட்டுத்தான் எனக்குச் சொன்னாள்.

லாமியா பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. இரண்டு வாரம் ஆகப்போகிறது. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். டாக்கா பக்கம் கார்மெண்ட்ஸில் வேலையாம், ஆளுக்கு இருபத்தாறு வயது. டீச்சர் படகில் போய் அவள் அப்பாவிடம் பேசிப் பார்த்திருக்கிறார். போன வருஷமும் இதே மாதிரி ஒரு இடம் வந்ததாம். அப்போது லாமியாவே எழுந்து நின்று முடியாது என்றாளாம், வினோ ஆபாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், படித்து வேலைக்குப் போன பிறகுதான் கல்யாணம் என்று. அப்பாவும் விட்டுவிட்டார். இந்தத் தடவை அவளே எழுந்து நிற்கவில்லை.

"ஏன்னு டீச்சர் கேட்டுச்சாம்" என்றாள் மொமேனா. "வினோ ஆபா அவ்வளவு படிச்சுது, வேலைக்குப் போச்சு, கடைசியில கல்யாணம் பண்ணிட்டு வேலையும் விட்டுடுச்சு, என்னையும் விட்டுடுச்சு. அப்புறம் நான் எதுக்குப் படிக்கணும்னு கேட்டுச்சாம். அவங்கப்பாவும் அதையேதான் சொல்றாராம்."

ஃபோனை இன்னும் வைக்கவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை. டீச்சர் மறுபடி ஏதோ சொன்னார்.

"வினோவோட புது நம்பர் கேக்குறாங்க அக்கா. ரெண்டே நிமிஷம் பேசினா போதும், அந்தப் பொண்ணு வேற யாரு சொன்னாலும் கேக்காதுங்கறாங்க. புருஷன் வீட்டுல கெஞ்சிக்கூடக் கேக்குறேன்னு சொல்றாங்க."

அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று சொல்லச் சொன்னேன்.

ஆகஸ்ட் 9, செவ்வாய்

கத்தரியில் விரலை வெட்டிக்கொண்டேன். வெள்ளை பனியன் ஒன்று கறையாகிவிட்டது. சூப்பர்வைசர் திட்டவில்லை. மார்ச்சுக்குப் பிறகு அவர் என்னைத் திட்டுவதே இல்லை.

டீ நேரத்தில் மொமேனாவிடம் கேட்டேன், நீயே வினோ மாதிரி பேசிவிடேன் என்று. அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "உங்க பொண்ணு பேசுற வங்காளம் எனக்கு வராது அக்கா. அது எல்லாத்தையும் தப்புத் தப்பாப் பேசும். அந்தப் புள்ள கண்டுபிடிச்சுடும்."

அப்படியென்றால் என்ன செய்வது என்றேன்.

"ஒண்ணும் செய்ய வேணாம். கல்யாணம் ஆனா செத்தா போயிடும்? எனக்கும் பதினாலு வயசுலதான் ஆச்சு" என்றாள். பிறகு டீ குடிக்கவில்லை. எழுந்துபோய்க் குழாயில் டம்ளரை ரொம்ப நேரம் கழுவினாள்.

ஆகஸ்ட் 11, வியாழன்

எனக்கு அந்தப் பிள்ளை யார்? முகத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. எங்கேயோ ஆற்றுக்கு நடுவே இருக்கிற ஒரு மேட்டில் இருக்கிறாள். வெள்ளம் வந்தால் வீட்டுத் தகரத்தையெல்லாம் கழற்றிப் படகில் ஏற்றிக்கொண்டு வேறு மேட்டுக்குப் போவார்களாம். அவளுக்குக் கல்யாணம் நடந்தால் எனக்கென்ன, நடக்காவிட்டால் எனக்கென்ன.

இந்த ஊரில் வினோ படமாகிவிட்டாள். நங்கையா வீட்டில் சாமியாகிவிட்டாள். ஆபீஸில் அவள் நாற்காலியில் வேறு பெண் உட்கார்ந்திருக்கிறாள், பஸ்ஸில் போகும்போது கண்ணாடி வழியே பார்த்தேன். அந்த ஆற்றங்கரையில் ஒரு இடத்தில் மட்டும்தான் அவள் அரக்குச் சேலை கட்டிக்கொண்டு புருஷனோடு இருக்கிறாள். மாமியார் கொஞ்சம் கெடுபிடிதான், ஆனாலும் இருக்கிறாள். அடுத்த வருஷம் ஒரு குழந்தைகூடப் பிறக்கும்.

அங்கேயும் போய் நானே சொல்ல வேண்டுமா.

ஆகஸ்ட் 13, சனி

சம்பளம் போட்டார்கள். கேஸ் சிலிண்டர் வந்தது. மாவு அரைத்தேன்.

நாளைக்குச் சொல்ல வேண்டியதைப் பிசிறு வெட்டிக்கொண்டே வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவள் மந்திரமாக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

ஆகஸ்ட் 14, ஞாயிறு

டீச்சர் ஃபோனை எடுத்துக்கொண்டு படகில் லாமியா வீட்டுக்கே போய்விட்டார். மொமேனாவிடம் சொல்லி நான்தான் அப்படிக் கேட்டிருந்தேன், அவள் அப்பாவும் அம்மாவும் கூட இருக்க வேண்டும் என்று. நடுவில் வைத்து ஸ்பீக்கரில் சத்தமாகப் போட்டிருக்கிறார்கள், கோழி கத்துவது கூடக் கேட்டது.

"எல்லாரும் இருக்காங்க அக்கா. வினோதான் பேசப்போகுதுன்னு நெனச்சு உக்காந்திருக்காங்க" என்றாள் மொமேனா. "சொல்லுங்க. நீங்க சொல்லாம நான் சொல்ல மாட்டேன்."

சொன்னேன்.

"வினோவுக்குக் கல்யாணம் ஆகல. அவ செத்துப் போயிட்டா. மார்ச் மாசம் காய்ச்சல் வந்து செத்துப் போயிட்டா. நான்தான் பொய் சொன்னேன்."

மொமேனா அதை அவள் பாஷையில் சொன்னாள். அதில் எது அந்த வார்த்தை என்று எனக்குத் தெரியவில்லை. தூரத்தில் ஏதோ படகு மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு ஒரு ஆண் குரல் தாழ்வாக என்னவோ சொன்னது. அவள் அப்பா இறந்தவர்களுக்கான துவா சொல்கிறார் என்றாள் மொமேனா.

அப்புறம் லாமியா. ஒரே ஒரு கேள்வி, சின்னக் குரலில். மொமேனா உடனே என் பக்கம் திரும்பவில்லை. சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ஆபா என்னை விட்டுட்டுப் போகலையான்னு கேக்குது."

"விடல சாமி" என்றேன். "உன்னையும் விடல, வேலையையும் விடல. ஒண்ணையும் விடறவ இல்ல அவ."

மொமேனா சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை எழுந்து போய்விட்டதாம். என் மேல் கோபமாகத்தான் இருக்கும். அவள் அப்பா கொஞ்சம் பேசினார். மாப்பிள்ளை வீட்டாருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, அவர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன், வேறெதுவும் இப்போது சொல்ல முடியாது என்றாராம். நான் எதையும் கேட்கவில்லை.

மொமேனா வீட்டுக்குப் போன பிறகு உலை வைத்தேன். மார்ச்சுக்குப் பிறகும் இரண்டு பேருக்குத்தான் அரிசி போட்டுக்கொண்டிருந்தேன், இன்றைக்கு ஒரு டம்ளர் மட்டும் போட்டேன்.

ஆகஸ்ட் 22, திங்கள்

ஹாலிமா டீச்சர் மொமேனாவின் ஃபோனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா பரீட்சை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறாராம். பரீட்சைக்குப் பிறகு என்ன என்று அவரும் சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. லாமியா பள்ளிக்கூடம் வருகிறாள், கடைசி வரிசையில் உட்காருகிறாள், யாரோடும் பேசுவதில்லை.

ஜனவரியில் பணம் நான் கட்டுகிறேன் என்று பதில் போடச் சொன்னேன்.

செப்டம்பர் 4, ஞாயிறு

ஃபோன் வராது என்று நினைத்து மதியமே படுத்துவிட்டேன். வந்தது. மொமேனா ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

லாமியா சலாம் சொன்னது. என்னை என்னவென்று கூப்பிடுவது என்று மொமேனாவிடம் கேட்டது போலிருக்கிறது, பிறகு ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. நேராகக் கேட்டது.

"ஆபாவுக்கு என்ன ஆச்சு, எல்லாம் சொல்லுங்கன்னு கேக்குது" என்றாள் மொமேனா. "கல்யாணத்த அவ்வளவு சொன்னீங்கல்ல, இதையும் அப்படியே சொல்லணுமாம்."

சொன்னேன். வியாழக்கிழமை காய்ச்சலோடு ஆபீஸ் போனதைச் சொன்னேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு சனிக்கிழமையும் போனாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்துவேன், மொமேனா சொல்வாள், அந்தப் பக்கமிருந்து "தார்பொர்?" என்று வரும். முதல் இரண்டு தடவை மொமேனா அதை எனக்குச் சொன்னாள், அப்புறம் என்று கேட்கிறாளாம். அதற்கு மேல் அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் தட்டணு குறைந்துகொண்டே போனது என்று சொன்னேன். தார்பொர். வினோவின் ஆபீஸ் பையன்கள் ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றார்கள். தார்பொர். மூன்றாம் நாள் காலையில் தெளிவாக இருந்தாள். தலையெல்லாம் சிக்கு, சீவிவிடு என்றாள். தண்ணீர் தொட்டுச் சீவி ரப்பர் பேண்ட் போட்டேன். இறுக்கிட்ட அம்மா என்றாள். தளர்த்திப் போட்டேன். தார்பொர். நீ ராத்திரியெல்லாம் தூங்கல, போய் டீ குடிச்சுட்டு வா என்றாள். கீழே கேன்டீனில் கூட்டம். டீ வாங்கிக் குடித்தேன். அவளுக்கு ஒரு பன் வாங்கிக்கொண்டு படியேறினேன். கட்டிலைச் சுற்றிப் பச்சைத் துணித் திரையை இழுத்து விட்டிருந்தார்கள்.

"தார்பொர்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல சாமி" என்றேன்.

இதை மொமேனா மாற்றிச் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.